எந்த ஆன்டி-ஸ்பைவேர் வாங்கலாம்? ஈரோடு வாசகிக்குப் பதில்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே சேலை வாங்கி விற்கிறார். வங்கிக் கணக்கு பார்ப்பது, கூரியர் சீட்டு அச்சிடுவது, வாட்ஸ்அப் வெப்பில் வாடிக்கையாளர்களிடம் பேசுவது எல்லாமே 2017இல் வாங்கிய ஒரே கணினியில்தான். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனும் அதே கணினியை, அதே பயனர் கணக்கில் பயன்படுத்துகிறார். போன மாதம் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் ‘கிராக்’ பதிப்பை, அதாவது காசு கட்டாமல் ஓட்டுவதற்காக உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை, அவர் போட்டிருக்கிறார். யூடியூபில் சொன்னபடி, போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்ததாகவும் அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று ஓயாமல் அறிவிப்பு. உள்ளூர் சர்வீஸ்காரர் வந்து ஓர் இலவச ஆன்டிவைரஸ், ஓர் ஆன்டி-ஸ்பைவேர் (உளவு நிரல்களைத் தேடி நீக்குவது), ஒரு ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்வது) மூன்றையும் போட்டுவிட்டு 800 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். இப்போது கணினி எழுந்து நிற்கவே ஏழு நிமிடம் ஆகிறது. ஆன்டி-ஸ்பைவேரோ, 1,247 ஆபத்துகள் இருப்பதாகவும் பணம் கட்டினால்தான் நீக்குவேன் என்றும் சொல்கிறது. இதற்கு நடுவே, ‘உன் கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு’ என்று ஒரு மின்னஞ்சல். அதில் அவருடைய பழைய பாஸ்வேர்டு சரியாக இருந்திருக்கிறது.

அவர் கேட்பவை: எந்த ஆன்டி-ஸ்பைவேரைக் காசு கொடுத்து வாங்குவது? பாதுகாப்புக்கு இரண்டாக வாங்கலாமா? ஃபார்மட் செய்துவிடலாமா? கடைசியாக, தயங்கித் தயங்கி ஒரு வரி: ‘மகன் கணினியில் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு மென்பொருள் போட முடியுமா?’

அன்புள்ள வாசகிக்கு,

இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள். அந்த 1,247ஐ நீக்கவும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அந்தப் பட்டியலை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘டிராக்கிங் குக்கி’, ‘ரெஜிஸ்ட்ரி எரர்’, ‘ஜங்க் ஃபைல்’ என்றுதான் இருக்கும். குக்கி என்பது இணையதளம் உங்கள் பிரவுசரில் விட்டுச்செல்லும் சின்னக் குறிப்பு. ஒரு செய்தித்தளத்தைத் திறந்து மூடினாலே டஜன் கணக்கில் சேரும். அது விளம்பரத் தொல்லைதான், உங்கள் பாஸ்வேர்டைத் திருடும் நிரல் அல்ல. எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்திக் காசு கறப்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய தந்திரம். நல்ல மென்பொருள் நாலே நாலு பொருளைக் கண்டுபிடித்தாலும் ஒவ்வொன்றின் பெயரையும், அது இருக்கும் ஃபோல்டரையும் சொல்லும்.

அந்த மிரட்டல் மின்னஞ்சலும் உங்கள் கணினியிலிருந்து கிளம்பியதல்ல. அதில் இருந்தது பழைய பாஸ்வேர்டு, முன்பு ஒரு ஷாப்பிங் தளத்துக்கு வைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட தளங்களிலிருந்து கசிந்த பட்டியல்களை வைத்து ஒரே கடிதத்தை லட்சக்கணக்கானோருக்கு அனுப்புகிறார்கள். பதில் எழுதாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டு வேறெங்காவது இன்னும் உயிரோடு இருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்குக் கவலை அதில்தான்: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு கிராக்கை ஓட்டியது. இன்று வீட்டுக் கணினிக்கு வரும் உளவு நிரல்களில் மோசமான வகை ‘இன்ஃபோஸ்டீலர்’. ரெட்லைன், லும்மா என்பவை பேர்போனவை. இரண்டின் மீதும் 2024, 2025ஆம் ஆண்டுகளில் பல நாட்டுக் காவல்துறைகளும் நிறுவனங்களும் சேர்ந்து நடவடிக்கை எடுத்தன. இவை பாப்-அப் காட்டாது, கணினியை மெதுவாக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருப்பதற்கான குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டுப் பல சமயம் தானே மறைந்துவிடும். இவை பரவ மிகவும் விரும்பும் வழி, கிராக் மென்பொருள். அப்படி ஒன்று வந்து போயிருந்தால், இனிமேல் வாங்கும் எந்த ஆன்டி-ஸ்பைவேராலும் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே வேலையை மென்பொருளில் தொடங்காமல் பாஸ்வேர்டுகளில் தொடங்குவோம்.

இன்றே, கைபேசியிலிருந்து

அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் வேண்டாம். கைபேசியில் முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதங்கள் அங்கேதான் வரும் என்பதால் அதுதான் முதல் வாசல். மாற்றியதோடு நிறுத்தாமல், கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்பதைத் திறந்து, கைபேசி தவிர மற்ற எல்லாவற்றையும் சைன் அவுட் செய்யுங்கள். திருடப்பட்டது குக்கி என்றால், திருடனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. சைன் அவுட்தான் அந்தக் குக்கியைச் செல்லாக்காசாக்கும். அடுத்து, பாஸ்வேர்டோடு கைபேசியிலும் உறுதிப்படுத்தச் சொல்லும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதன்பின் வங்கி, கூரியர் கணக்கு, சமூக ஊடகம். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் எல்லாக் கணினிகளையும் நீக்கிவிடுங்கள். கணினி சுத்தமானபின் மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

அந்த ‘5 வைரஸ்கள்’ அறிவிப்பு

அடுத்த முறை அது வரும்போது மூடிவிடாமல் உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் வைரஸ் எச்சரிக்கை இருக்கும். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கூகுள் குரோம்’ என்றும், கூடவே நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். அதைக் காட்டுவது வைரஸ் அல்ல, குரோம்தான். ‘நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலோ அழுத்தவும்’ என்று ஏதோ ஒரு தளம் கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பார்கள். அதன் பலன் இது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாக ரிமூவ் செய்யுங்கள். மூன்று நிமிட வேலை. பாப்-அப் தொல்லை என்று கடைக்குக் கொண்டுபோகும் கணினிகளில் பலவற்றுக்கு இதற்குமேல் வைத்தியம் தேவைப்படாது.

மூன்று இருந்தால் மூன்று மடங்கு பாதுகாப்பா?

இல்லை. நேரடிக் காவல் செய்யும் ஒவ்வொரு மென்பொருளும், நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் குறுக்கே புகுந்து சோதிக்கும். இரண்டு இருந்தால் ஒன்று சோதிக்கும் ஃபைலையே மற்றதும் பிடித்து இழுக்கும். ஒன்று சிறைவைத்த வைரஸை இன்னொன்று ‘புது வைரஸ்’ என்று கத்துவதும் உண்டு. 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இதைத் தாங்காது. உங்கள் ஏழு நிமிடத்துக்கு வைரஸைவிட அந்த மூன்று ‘காவலர்கள்’தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெஜிஸ்ட்ரி கிளீனரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. லாபம் ஒன்றுமில்லை, விண்டோஸ் கெட்டுப்போகும் அபாயம் மட்டும் உண்டு.

ஆன்டிவைரஸ் வேறு, ஆன்டி-ஸ்பைவேர் வேறு என்று நினைக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அது சரி. அப்போது விளம்பர, உளவு நிரல்களை ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாததால் ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்ற தனி மென்பொருள்கள் வந்தன. 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் ஆன்டி-ஸ்பைவேர்தான் பிறகு விண்டோஸ் டிஃபெண்டர் ஆனது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதே டிஃபெண்டர், விண்டோஸோடு சேர்ந்தே வரும் முழு ஆன்டிவைரஸாக வளர்ந்துவிட்டது. இன்று உருப்படியான எந்த ஆன்டிவைரஸும் இரண்டு வேலையையும் செய்யும். ஆன்டி-ஸ்பைவேர் என்ற பெயரில் மட்டும் தனியாக விற்கப்படுவதைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுவதே நல்லது.

டிஃபெண்டரை எழுப்புவது

கண்ட்ரோல் பேனலில் அந்த மூன்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் ஒருமுறை ரீஸ்டார்ட். ஆன்டிவைரஸ் முழுதாகப் போக மறுத்தால், அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே தனி நீக்கும் கருவி இருக்கும். வேறு ஆன்டிவைரஸ் இல்லையென்று தெரிந்ததும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ போய்ப் பாருங்கள். வீட்டுக் கணினியில் ‘இந்த அமைப்பை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்’ என்ற பொருளில் ஆங்கில வரி தெரிந்து, பொத்தான் மங்கிக் கிடந்தால் அது கெட்ட அறிகுறி. கிராக்கோ அதோடு வந்த நிரலோ டிஃபெண்டரின் கையைக் கட்டிப்போட்டிருக்கக்கூடும்.

அதே பக்கத்தில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ திறந்து கடைசிவரை கீழே இறங்குங்கள். ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. ‘இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே’ என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைத்த பட்டியல். வீட்டுக் கணினியில் அது காலியாக இருப்பதுதான் இயல்பு. அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ, அதைவிட மோசமாக ‘சி’ டிரைவ் முழுவதுமோ இருந்தால், டிஃபெண்டர் ‘எல்லாம் நலம்’ என்று பச்சை டிக் காட்டிக்கொண்டே எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் நீக்குங்கள். மேலே, டிஃபெண்டரை மற்ற நிரல்கள் அணைக்கவிடாமல் காக்கும் ‘டேம்பர் ப்ரொடெக்ஷன்’ ஆன் ஆகியிருக்கட்டும். பிறகு ‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ பகுதியில் ‘ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்’ போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அமைப்பை இயக்குங்கள். மற்ற மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிரல்களைத் தடுப்பது இதுதான்.

இனி சோதனை. ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள், கணினி ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டே ஒளிந்துகொள்ளும் நிரல்கள் தப்புவது கடினம். சுமார் 15 நிமிடம் என்பார்கள், உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கூடுதலாகலாம். நடுவில் பவரை அணைக்க வேண்டாம். முடிவுகள் ‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும். அடுத்து இரவில் ஒரு ஃபுல் ஸ்கேன்.

இரண்டாவது டாக்டரிடம் கேட்பதுபோல இன்னொரு சோதனை வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போதும். இலவசப் பதிப்பு நேரடிக் காவல் செய்யாது, நீங்கள் சொல்லும்போது மட்டும் தேடும். ஆகவே டிஃபெண்டரோடு மோதாது. நிறுவியதும் கட்டணப் பதிப்பின் சோதனைக்காலம் ஓடத் தொடங்கினால் அதை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். தேடல் முடிவில் முதலில் வரும் ‘ஸ்பான்சர்டு’ இணைப்பை மட்டும் தொடாதீர்கள். பாதுகாப்பு மென்பொருளின் பெயரிலேயே போலித் தளங்கள் விளம்பரம் கொடுப்பதுண்டு. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் ‘சைபர் ஸ்வச்ச்தா கேந்திரா’ தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

ஃபார்மட் செய்யலாமா?

பாப்-அப்புக்காக என்றால் வேண்டாம் என்பேன். ஆனால் காவலை அணைத்துவிட்டு, கணினியில் எதையும் மாற்றவல்ல அட்மின் உரிமையோடு கிராக்கை ஓட்டிய கணினி இது. அதில் உங்கள் வங்கிக் கணக்கும் ஓடுகிறது. ஸ்கேனில் ‘டிரோஜன்’ (நல்ல மென்பொருள்போல நடித்து நுழையும் நிரல்) அல்லது ‘ஸ்டீலர்’ என்ற பெயர் ஒன்றாவது வந்தாலோ, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் ஏதாவது இருந்தாலோ யோசிக்காமல் புதிதாக விண்டோஸ் ஏற்றுங்கள். படங்கள், பில்கள், வாடிக்கையாளர் பட்டியல் இவற்றை மட்டும் பென் டிரைவில் எடுங்கள். ‘செட்டப்’ ஃபைல்களையும் மகனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் எடுக்கவே கூடாது. ஃபார்மட் செய்த மறுநாளே அதே கிராக் திரும்பி வருவது இப்படித்தான். வேறொரு நல்ல கணினியில், குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸைத் தயார் செய்து ஏற்றுவதே சுத்தம். சர்வீஸ்காரரிடம் கொடுத்தால், ‘ஒரிஜினல் விண்டோஸ்தானே, ஆக்டிவேட்டர் எதுவும் போட மாட்டீர்களே?’ என்று கேட்டுவிடுங்கள். அந்த ஆக்டிவேட்டரும் ஒரு கிராக்தான்.

இன்னொரு விஷயம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தருகிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேரலாம். 2017 கணினி என்பதால் உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தை ஓர் எஸ்எஸ்டிக்கும் (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலாத வேகமான டிஸ்க்), முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ரேமுக்கும் போடுங்கள். புது விண்டோஸை அந்த எஸ்எஸ்டியிலேயே ஏற்றிவிடலாம். அடுத்த கணினி வாங்கும்வரை வண்டி ஓடும்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால்

கட்டண மென்பொருள் வீண் என்று சொல்ல மாட்டேன். கோளாறு என்றால் போனில் கூப்பிட ஆள் வேண்டும், மூன்று நான்கு கருவிகளுக்கு ஒரே உரிமம் வேண்டும் என்பவர்களுக்கு அது உதவும். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை உள்ளூர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. எந்தப் பெயரானாலும், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்களின் சமீப முடிவுகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 என 18 புள்ளிகள் தருகிறது. பழைய கணினி என்பதால் நீங்கள் வேகத்துக்கான புள்ளியை முதலில் பாருங்கள். உங்கள் சர்வீஸ்காரர் போட்ட ஆன்டி-ஸ்பைவேர் இரண்டு பட்டியலிலும் இல்லையென்றால் அதுவே பதில்.

முதலாண்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டாமாண்டுப் புதுப்பிப்பு பல மடங்காக இருக்கலாம். கார்டு கொடுத்தால் ஆட்டோ-ரினியூவல் இயங்குகிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அதை நிறுத்தும் வசதியும் இருக்க வேண்டும். இலவசமானவற்றின் தனியுரிமைக் கொள்கையையும் ஒருமுறை பாருங்கள். வாடிக்கையாளர்களின் இணையப் பயன்பாட்டு விவரங்களை விற்றதற்காக ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் அறிவித்தது. உளவைத் தடுக்கப் போட்ட மென்பொருளே அந்த வேலையைச் செய்தது.

கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கியிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். உங்கள் பொறுப்பு எவ்வளவு என்பது எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தே முடிவாகும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளில், உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு. சர்வீஸ்காரரின் 800 ரூபாய்க்கு ரசீது இல்லாவிட்டாலும், யுபிஐயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சான்று. முதலில் அவரிடமே கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மகனைக் கண்காணிக்கும் மென்பொருள்

அதற்குப் பெயர்தான் ஸ்பைவேர். வீட்டிலிருந்து விரட்ட வழி கேட்டு எழுதிய அதே பொருளை வாங்கவும் வழி கேட்கிறீர்கள். கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் வேண்டாம். அது தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும், நீங்கள் தட்டும் வங்கிப் பாஸ்வேர்டு உட்பட. பதிவுகள் போய்ச் சேர்வது முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு. அது வேலை செய்ய டிஃபெண்டரில் மறுபடி எக்ஸ்க்ளூஷன் போடச் சொல்வார்கள். ஸ்பைஃபோன் என்ற இத்தகைய கைபேசி ஆப்பை நடத்திய நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே 2021இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் விலக்கிவைத்தது. சட்டமும் உண்டு. கணினி உங்களுடையது, ஆனால் கல்லூரியில் படிக்கும் மகனின் மின்னஞ்சலும் சமூக ஊடகக் கணக்கும் உங்களுடையவை அல்ல. அவருடைய பாஸ்வேர்டைப் பிடித்து உள்ளே நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

உங்களுக்கு வேண்டியது மகனை உளவு பார்ப்பதல்ல, அவர் போடும் மென்பொருள் உங்கள் தொழிலைத் தொடாமல் இருப்பது. அதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் மகனுக்குத் தனிக் கணக்கு உருவாக்குங்கள். வகை ‘ஸ்டாண்டர்டு யூசர்’. உங்களுக்கும் அன்றாட வேலைக்கு ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு மூன்றாவதாகத் தனியே இருக்கட்டும். இனி மகன் எதையாவது முழுதாக நிறுவப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், டிஃபெண்டரையும் அவரால் அணைக்க முடியாது. அவர் கணக்கில் ஏதாவது திருட்டு நிரல் ஓடினாலும், அட்மின் உரிமை இல்லாமல் உங்கள் கணக்கின் ஃபோல்டர்களையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அதனால் தொட முடியாது. அவருடையவை போகலாம், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஆனால் உங்கள் 4 ஜிபி அதைத் தாங்காது. ஷாட்கட் கொஞ்சம் இலகுவானது, அதுவும் இலவசம். அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, அட்மின் பாஸ்வேர்டை நீங்களே தட்டிப் போட்டுக்கொடுங்கள். அந்தப் பாஸ்வேர்டைக் கணினியில் எங்கும் சேமிக்காமல், கூரியர் ரசீதுகளோடு வைத்திருக்கும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.